ஆயில் என்ஜின் எந்தச் சாலையில் ஓடுகிறது?

சென்னையில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரங்களுக்குப் பூமிக்கடியில் ரயில் விடும் மெட்ரோ இரண்டாம் கட்டத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 அக்டோபர் 3-ல் ஒப்புதல் தந்தது. மொத்த நீளம் 118.9 கிலோமீட்டர், செலவு ரூ. 63,246 கோடி. மூன்று வாரம் முன்புதான் பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தின் நான்காம் கட்டத்துக்கு அதே அமைச்சரவை ஒப்புதல் தந்திருந்தது. நாடு முழுவதும் 25,000 குடியிருப்புகளுக்கு 62,500 கிலோமீட்டர் சாலை, செலவு ரூ. 70,125 கோடி.

ஒரு பட்டணத்து ரயிலுக்கும் ஒரு தேசத்துக் கிராமச் சாலைகளுக்கும் ஏறக்குறைய ஒரே தொகை! சுரங்கம் தோண்டச் செலவு ஆகும்தான். மயிலாப்பூர்க்காரர் ரயிலில் போவதில் விவசாயிக்கு வயிற்றெரிச்சலும் இல்லை. ஆனால், அவர் வீட்டுச் சாம்பாருக்கான கத்தரிக்காய் கோயம்பேடு போய்ச் சேரவும் சாலை வேண்டுமல்லவா?

சாலைக்கென்றே டீசல்மீது மத்திய அரசு மேல்வரி வசூலிக்கிறது. கிணற்றடி ஆயில் என்ஜின் எந்தச் சாலையில் ஓடுகிறது? அதற்கும் வரி கட்டிவிட்டு, அடைமழையில் மூட்டையைத் தலைச்சுமையாக ரோட்டு முனைவரை கொண்டுபோகிறார் சிறு விவசாயி.

நான்காம் கட்டச் சாலையும் சமவெளியில் 500 பேராவது உள்ள குடியிருப்புக்குத்தான். அறுபது வீட்டுக் குக்கிராமம் கணக்கில் வராது. 2021 மே முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அடையாறுக்கும் குக்கிராமத்துக்கும் ஒரே சலுகை. நல்ல ஏற்பாடு. பஸ் வந்தால்தானே ஏறுவதற்கு?

டீசல் மேல்வரியில் ஒரு பங்கு, இத்தகைய சிற்றூர்ச் சாலைகளுக்கென்று ஊராட்சிகளுக்கே வரவேண்டும். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக எழுதி வைக்கலாம்.