ஒரு வேர், பல கிளைகள்

திருப்பூரில் பனியன் ஒன்று ஒரே கூரையின்கீழ் முழுதும் உருவாவது அரிது. ஓரிடத்தில் நூல் துணியாகப் பின்னப்படும். சாயப்பட்டறையில் நிறம் ஏறும். பிறிதோரிடத்தில் வெட்டுண்டு, பவர்டேபிளில் தைக்கப்பெறும். ஒவ்வொரு கூடமும் தன் தொழிலைச் செவ்வனே முடித்து, அடுத்த கூடத்திற்கு அனுப்பும். 1969ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் படைக்கத் தொடங்கிய யுனிக்ஸிலும் இம்முறையே வேரூன்றியது. அஃது ஓர் இயங்குதளம்; அதாவது, கணினியின் உறுப்புகளை ஆண்டு, செயலிகள் யாவும் இயங்க இடமளிக்கும் அடித்தளம். அதிலுள்ள சிறு கருவி ஒவ்வொன்றும் ஒரு வேலையை முடித்து, விளைவை அடுத்த கருவிக்குத் தரும். அவ்வாறு தரும் வழிக்கு அவர்கள் இட்ட பெயரும் 'குழாய்' என்பதே!

யுனிக்ஸின் வழித்தோன்றல்கள் பல. அவற்றுள் எது நிலைக்கும், எது தேயும் என்னும் வினா நெடுநாளாக எழுப்பப்பட்டு வருகிறது. திறமை மிக்கதே வெல்லும் என எண்ணுதல் இயல்பு. நிகழ்ந்தவை அவ்வெண்ணத்திற்குத் துணை நிற்கவில்லை. சன் நிறுவனத்தின் சோலாரிஸ் திறத்தில் எதற்கும் குறைந்ததன்று. 2005இல் அதன் மூலநிரலின் பெரும்பகுதி உலகுக்குத் திறந்து வைக்கப்பட்டது. 2010இல் ஆரக்கிள் அந்நிறுவனத்தை விலைக்கு வாங்கிற்று. அவ்வாண்டே திறந்த கதவு அடைபட்டது. ஒரே வெளிநாட்டு வணிகரின் ஆர்டரை நம்பிய பட்டறையின் நிலையைத் திருப்பூர் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த பி.எஸ்.டி. என்னும் கிளைக்கு வேறு இடர் நேர்ந்தது. 1992இல் அதன்மேல் தொடுக்கப்பட்ட வழக்கு 1994இல்தான் தீர்ந்தது. அதற்குள், பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் பலர் கைகளில் வளர்ந்துவிட்டது. ஆயினும் காலத்தின் வாய்ப்பு மட்டுமே காரணம் என்றல் பொருந்தாது. பி.எஸ்.டி.யை எடுப்பவர் அதைத் திருத்தித் தமக்கே பூட்டிக்கொள்ளலாம். லினக்ஸைத் திருத்திப் பிறர்க்கு வழங்குவோர் அத்திருத்தத்தின் மூலநிரலையும் உடன் தரவேண்டும். முன்னது, ஊர்க்கிணற்று நீரை இறைத்துத் தன் தோட்டத்திற்கு மட்டும் பாய்ச்ச விடுவது. பின்னது, நீர் இறைப்பவனைத் தூர்வாரவும் அழைப்பது. 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 மீத்திறன் கணினிகள் அனைத்திலும் லினக்ஸே இயங்குகிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உட்கருவும் அதுவே. பி.எஸ்.டி. மறைந்துவிட்டது என்பதும் தவறு. திரைப்படங்களை வலைவழி அனுப்பும் நெட்ஃபிளிக்ஸ் தன் வழங்கிகளில் அதன் கிளையாகிய ஃப்ரீபிஎஸ்டியை நம்பியே நிற்கிறது. ஆனால், கிணறு பெருகுவது லினக்ஸின் வழியிலேதான்.

இனி, தமிழ்நாட்டைப் பார்ப்போம். 2011இல் அரசு மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் அதனைச் சென்னையில் உருவாக்கியது. பெட்டியில் வைத்துக் கொடுப்பது எளிது, பழக்குவதன்றோ அரிது! மேற்கே மலைகடந்தால் கேரளம். அங்கே அரசுப் பள்ளிகள் லினக்ஸிலேயே கணினி கற்பிக்கின்றன. ஆசிரியர்க்கும் அதிலேயே பயிற்சி தரப்படுகிறது. எந்தத் தளத்துக்கு எதிர்காலம் என்பதை வகுப்பறையே பெரிதும் முடிவு செய்கிறது.

பனியன் தொழிலுக்கு வேண்டிய வடிவமைப்புச் செயலிகளுள் பெரும்பாலன விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டவை என்பது மெய். பத்துத் தையல் எந்திரம் உடைய சிறு முதலாளி அதனால் உரிமத் தொகையைத் தாங்கவேண்டியுள்ளது. ஆயினும், எம்பிராய்டரி வேலைக்கு 'இங்க் ஸ்டிச்' என்னும் செயலியும், ஆடை அளவு வரைவதற்கு 'வாலன்டினா' என்னும் செயலியும் லினக்ஸில் இயங்குகின்றன. இரண்டுக்கும் விலையில்லை. பவர்டேபிளில் தைக்கும் தாயின் மகள், பள்ளி தந்த மடிக்கணினியிலேயே அவற்றை நிறுவிப் பார்க்கலாம்.