கரியை விற்றார், கலத்தை வாங்கினார்!

தோழ!

மேடையிலே இருள். விளக்குக் கோளாறன்று, நாடே இருண்டு கிடக்கிறது. காலம், 2022 மார்ச்சுத் திங்களின் இறுதி. இடம், இலங்கைத் தீவு. நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரமில்லை. அதே திங்களில், வினாத்தாள் அச்சடிக்கக் காகிதமில்லையென்று மேல் மாகாணப் பள்ளிகளில் தேர்வுகளைத் தள்ளிவைத்தனர். அடுத்த திங்களில், வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர இயலாதென்று அரசே கைவிரித்தது. அந்த இருண்ட மண்ணுக்கடியிலே கிடந்தது என்ன தெரியுமா? மின்சாரத்தைப் பிடித்துச் சேமித்து வைக்க உதவும் கருங்கட்டி! எழுதுகோலின் நெஞ்சுக்குள்ளே இருக்கிறதே, அதே கரி! இப்படியொரு காட்சியை நான் எழுதியிருந்தால், 'மிகைப்படுத்துகிறான்' என்று கொட்டகையே கைகொட்டி நகைத்திருக்கும். வரலாறு எழுதியது, ஆகவே எவரும் நகைக்கவில்லை.

கிராபைட் என்பது அதன் பெயர். காரீயம் என்பர் இலங்கைத் தமிழர். ஈயம் அதில் எள்ளளவும் இல்லை, எல்லாம் கரியே. கல்லூரியைப் பாதியில் விட்டவன் வேதியியல் பேசுகிறானே என்று எண்ணாதே. வத்தலக்குண்டு வெற்றிலைக் கட்டைக் கண்டிருக்கிறாயல்லவா? இலைமேல் இலையாக அடுக்கியிருக்கும். கிராபைட்டும் அப்படித்தான், கரியின் மெல்லிய ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக. மின்கலத்துக்கு மின்னூட்டும்போது லித்தியம் அயனிகள் அந்த ஏடுகளின் இடுக்கிலே புகுந்து குடியிருக்கும். மின்சாரம் வேண்டும்போது வெளியேறிவிடும். கைப்பேசியிலும் மின்சாரக் காரிலும், காற்றாலைகளின் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரும் மின்கலப் பேழையிலும் இதே கூத்துத்தான். மின்கலம் என்றதும் எல்லாரும் லித்தியத்தின் புகழ் பாடுகிறார்கள். ஆனால் ஒரு காரின் மின்கலத்தில் லித்தியத்தைவிடப் பன்மடங்கு எடை இந்தக் கரிக்கே. கதாநாயகனுக்குக் கைதட்டல், மேடையைத் தாங்கும் தூணை எவன் பார்க்கிறான்!

உலகின் பல நாடுகளில் கிராபைட் செதில் செதிலாகப் பாறையோடு கலந்து கிடக்கிறது. இலங்கையிலோ நிலத்தின் நரம்பு போலக் கட்டியாக ஓடுகிறது. தோண்டியெடுக்கும்போதே நூற்றுக்கு 95 முதல் 99 பங்கு வரை கரி. இத்தகைய நரம்புக் கிராபைட்டை வணிக அளவில் வெட்டியெடுக்கும் நாடு அதுவொன்றே. கேகாலைப் பக்கம் போகல, குருநாகல் பக்கம் கஹட்டகஹ. ஈராயிரம் அடி ஆழம் வரை இறங்குகிறான் தொழிலாளி. முதல் உலகப் போரின்போது ஆண்டுக்கு 30,000 டன்னுக்கு மேல் கப்பலேறியது. இலண்டனிலும் அமெரிக்காவிலும் உலோகம் உருக்கும் மூசைகள் செய்தனர் அதைக்கொண்டு. தட்டான் பொன்னுருக்கும் மூசையின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள். கரி அங்கிருந்து, மூசை இங்கிருந்து! இலங்கையின் முதல் பிரதமர் டி.எஸ். சேனநாயக்கவின் தந்தை டான் ஸ்பேட்டர் சேனநாயக்க பெரும்பொருள் ஈட்டியது இந்தக் கரியிலேதான். சுரங்க முதலாளி வீட்டிலிருந்து பிரதமர் வந்தார். சுரங்க வாயிலிலே ஒரு மூசைத் தொழிற்சாலை வந்ததா?

1971இல் சுரங்கங்களை அரசுடைமையாக்கினார்கள். பின்னர் போகல ஜெர்மானிய நிறுவனத்தின் கைக்குச் சென்றது. கஹட்டகஹ அரசிடம் இருக்கிறது. இன்று தோண்டுவதோ ஆண்டுக்குச் சில ஆயிரம் டன்கள். அளவிலே சீனத்தை இலங்கை வெல்லப் போவதில்லை. எண்ணெய்க் கழிவிலிருந்து செயற்கைக் கிராபைட் செய்வோரும் போட்டிக்கு நிற்கிறார்கள். பின் எதில் வெல்லலாம்? மின்கலத்துக்குத் தேவை 99.95 விழுக்காட்டுத் தூய்மை. கட்டியைத் தூளாக்கி, தூளை உருண்டையாக்கி, கழுவி, மேலே மெல்லிய கரிப்பூச்சுப் பூச வேண்டும். 99க்கும் 99.95க்கும் இடையிலுள்ள அந்தக் கடுகளவு வேலையிலேதான் காசு இருக்கிறது. உலகின் மின்கலக் கிராபைட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பக்குவப்படுத்துவது சீனம். 2023 டிசம்பரில் அது ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, கார் செய்யும் வல்லரசுகளெல்லாம் கரிக்காகக் கலங்கின. சுரங்கம் வைத்திருப்பவனைக் கண்டு எவரும் கலங்கவில்லை தோழ, பட்டறை வைத்திருப்பவனைக் கண்டே கலங்கினர்.

இதைத் திண்டுக்கல்காரனுக்கா சொல்ல வேண்டும்? நம் ஊரில் இரும்புச் சுரங்கம் உண்டா? இல்லை. பூட்டு என்றால் எந்த ஊர் பெயர் சொல்கிறது உலகம்? 2019இல் புவிசார் குறியீடு பெற்றது நம் மாங்காய்ப் பூட்டு! இரும்பு எங்கிருந்தோ வந்தது. பெயர் இங்கே பிறந்தது. கொல்லன் கை தந்த பெயர்.

கரியோ நம் வாசலிலேயே இருக்கிறது. சிவகங்கையில் புதுப்பட்டி, குமாரிப்பட்டிப் பகுதிகளில் கிராபைட்டை வெட்டியெடுத்துச் செறிவூட்டும் பணியைச் செய்துவருவது தமிழ்நாடு கனிம நிறுவனம். இலங்கைக் கட்டிபோல் அன்று. பாறையில் நூற்றுக்குப் பதினான்கு பங்கு அளவே கரி. ஆனால் அதே மாவட்டத்தில் காரைக்குடி இருக்கிறது! அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் தந்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 2018இல் உள்நாட்டு லித்தியம் மின்கல நுட்பத்தைத் தொழிலுக்கு வழங்க ஒப்பந்தம் செய்ததும் அந்நிறுவனமே. கரியும் கல்வியும் ஒரே மாவட்டத்தில்! இலங்கைக்குக் கூட இந்தப் பொருத்தம் வாய்க்கவில்லை.

ஒன்றிய அரசோ 2023இல் சட்டத்தைத் திருத்தி, கிராபைட் உள்ளிட்ட 24 கனிமங்களை ஏலமிடும் அதிகாரத்தைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டது. வருவாய் மாநிலத்துக்கே என்கிறார்கள். வருவாய் வரும், மறுக்கவில்லை. பட்டறை வருமா என்பதே என் வினா. தூளை மூட்டை கட்டி வெளியே ஏற்றி, மின்கலமாக இறக்குமதி செய்து, அதையும் வளர்ச்சி என்று மேடையில் முழங்கப் போகிறோமா?

பட்டறை வேண்டும் என்று முழங்கும் நாவாலேயே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தோல் பதனிட்டுப் பணம் கண்ட ஊர் நம் ஊர்; குடகனாற்றுக் கரைக் கிணறுகளின் நீர் என்னவாயிற்று என்பதை உழவனிடம் கேள். 1996இல் உச்சநீதிமன்றம் தோல் ஆலைகளுக்குத் தண்டம் விதித்துத் தீர்ப்பளித்தபோது, அதில் நம் மாவட்டத்து ஆலைகளும் இருந்தன. கிராபைட்டைத் தூய்மையாக்க ஐதரோபுளோரிக் அமிலம் பயன்படுத்துகிறார்கள். எலும்பு வரை ஊடுருவும் கொடிய நஞ்சு அது. அமிலமின்றிப் பெருவெப்பத்தால் தூய்மை செய்யும் வழியும் உண்டு, ஆனால் மின்சாரத்தை அது விழுங்கும். ஆடிக் காற்றிலே 10,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட காற்றாலைகள் சுழலும் மாநிலத்தில் அந்த வழியின் கணக்கைப் போட்டுப் பார்த்தாலென்ன? கழிவுநீர் எங்கே போகும் என்ற திட்டம் முதலில், அடிக்கல் பிறகு.

அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுது தோழ. சிவகங்கைத் தூளில் எத்தனை மூட்டை காரைக்குடி ஆய்வுக்கூடத்துக்குப் போகிறது, எத்தனை மூட்டை வெளியே போகிறது என்ற கணக்கை உன் சட்டமன்ற உறுப்பினரிடம் கேள். வாய்ப்பேச்சாக வேண்டாம். எழுத்திலே கேள், எழுத்திலே விடை வாங்கு.