எதிரொலியும் அநுநாதமும்

பத்திரிகைகளில் ஒரு வாக்கியம் அடிக்கடி தென்படுகிறது. "தலைவரின் பேச்சு மக்கள் உள்ளத்தில் எதிரொலித்தது" என்பதே அது. எழுதுகிறவரின் நோக்கம் நல்லதுதான். ஆனால் அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டால், மக்கள் உள்ளம் ஒரு கருங்கல் சுவர் என்றல்லவா ஏற்படுகிறது! எதிரொலி தனியாகக் காதில் விழுவதற்குச் சுவரோ, குன்றோ வேண்டும். அதுவும் சுமார் 17 மீட்டருக்குக் குறையாத தூரத்தில் இருக்க வேண்டும். நாம் கூவியது அதன்மேல் மோதித் திரும்பி வருகிறது. 'ராமா' என்றால் 'ராமா'. 'கழுதை' என்றால் 'கழுதை'. சுவருக்கு அதில் யாதொரு சம்பந்தமும் இல்லை.

அந்த வாக்கியத்தை எழுதியவர் மனத்தில் இருந்தது வேறொன்று. அதை அநுநாதம் என்று சொல்லலாம். இக்காலத்துப் பௌதிகப் பாடப் புத்தகங்கள் ஒத்ததிர்வு என்று அழைக்கின்றன. பெயர் எதுவானாலும், விஷயத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு ஒரு தம்பூராவே போதும்.

தம்பூராவின் நான்கு தந்திகளில் நடுவிலுள்ள சாரணி, அநுசாரணி இரண்டையும் ஒரே ஷட்ஜத்தில் சுத்தமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடலைப் பருப்பளவுக் காகிதத் துண்டு ஒன்றை மடித்து அநுசாரணியின்மேல் குதிரை ஏற்றுங்கள். இப்போது சாரணியை மட்டும் மீட்டினால், யாரும் தொடாத அநுசாரணியின்மேல் காகிதம் நடுங்கித் துள்ளிக் கீழே விழும். சாரணியின் சுருதியை இழையளவு இறக்கிவிட்டு மறுபடி மீட்டுங்கள். காகிதம் ஏறிய இடத்திலேயே சுகமாக உட்கார்ந்திருக்கும். எவ்வளவு ஓங்கி மீட்டினாலும் அது பழைய துள்ளல் துள்ளுவதில்லை.

காரணம் மிகவும் எளிது. கூடத்து ஊஞ்சலில் அமர்ந்திருக்கும் பாட்டியை ஐந்து வயதுப் பேரன் ஆட்டிவிடுகிறான் அல்லவா? அவனுடைய பலம் எம்மாத்திரம்! ஆயினும் ஊஞ்சல் போய்த் திரும்பும் கணம் பார்த்து ஒவ்வொரு முறையும் சிறிதளவு தள்ளுகிறான். தள்ளல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து உத்தரத்தையே கிறீச்சிட வைக்கின்றன. கணம் தப்பித் தள்ளினால் இருந்த ஆட்டமும் நின்றுபோகும். தொங்கும் பாரத்தைச் சிறு சிறு மூச்சுக் காற்றாலேயே காலம் பார்த்து ஊதிப் பெரிதாக ஆடச் செய்யலாம் என்று இத்தாலி தேசத்துக் கலிலியோ 1638-ஆம் வருஷம் வெளியான தம் நூலில் எழுதினார். ஒவ்வொரு பொருளுக்கும் தனக்கென்று ஓர் இயல்பான ஆட்டக் கணக்கு உண்டு. வெளியிலிருந்து வரும் தூண்டுதல் அக்கணக்கோடு பொருந்தினால் அது விழித்தெழுகிறது. அப்போது அது பேசுவது தன் சொந்தக் குரலில்.

இவ்விஷயத்தில் நம் தேசத்துக்குத் தனியான பெருமை ஒன்று உண்டு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த ஸர் சி. வி. ராமன் ஒளியைப்பற்றிச் செய்த ஆராய்ச்சிக்காக 1930-இல் நோபல் பரிசு பெற்றதை எல்லோரும் அறிவார்கள். அதற்குப் பத்து வருஷம் முன்பே, கல்கத்தாவில் இருந்தபோது, அவர் நம் மிருதங்கத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை அறிந்தவர் குறைவு. சாதாரணமான தோல் கொட்டு எழுப்பும் நாதத்தில் பல சுரங்கள் ஒன்றுக்கொன்று இசையாமல் கலந்திருக்கும். ஆகவேதான் கொட்டைக் கேட்டால் 'டமார்' என்கிறோமே தவிர, இன்ன சுரம் என்று சொல்ல முடிவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் கறுப்பு வட்டமாக அப்பியிருக்கும் கரணை இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறது. தோலின் ஒன்பது விதமான அசைவுகள் ஐந்தே சுரங்களில் வந்து அடங்குகின்றன. அவை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்ற எளிய விகிதத்தில் நிற்கின்றன. தந்தி வாத்தியத்துக்கு உரிய இந்த ஒழுங்கைத் தோலிலே கொண்டுவந்த பெயர் தெரியாத தொழிலாளர்களின் காதை என்னவென்று சொல்வது! தம்பூரா, வீணை இவற்றின் குதிரைகளைப்பற்றியும் ராமன் 1921-இல் எழுதினார். தந்தியை ஒரு குறிப்பிட்ட இடத்தில் மீட்டினால் சில உபசுரங்கள் எழக்கூடாது என்பது ஐரோப்பியர் கண்ட விதி. நம் வாத்தியங்களில் அவை நன்றாகவே எழுகின்றன. மேற்பரப்பு வளைந்த அகலமான குதிரைதான் அதற்குக் காரணம் என்று அவர் காட்டினார்.

அநுநாதம் எப்போதும் இனிமையானது என்று எண்ணிவிட வேண்டாம். அதற்கு நல்லது கெட்டது தெரியாது. 1850-ஆம் வருஷம் பிரான்ஸ் தேசத்தில் ஆன்ழே நகரத்துத் தொங்கு பாலத்தின்மேல் புயற் காற்றில் ஒரு படை சென்றுகொண்டிருந்தபோது, பாலம் ஆட, அதன் ஆட்டத்துக்கேற்பச் சிப்பாய்களின் கால்களும் தம்மையறியாமல் ஒத்து நடக்க, துருவேறியிருந்த கம்பிகள் அறுந்தன. இருநூறு பேருக்குமேல் மாண்டார்கள். 1985-இல் மெக்ஸிகோ நகரத்துக்கு 350 கிலோமீட்டருக்கு அப்பால் பூமி நடுங்கியது. பழைய ஏரிப் படுகையின் களிமண் சுமார் இரண்டு வினாடிக்கு ஒரு முறை ஆடத் தொடங்கிற்று. அந்தக் கணக்கோடு ஒத்த நடுத்தர உயரக் கட்டடங்களே அதிகமாகச் சரிந்தன. குட்டை வீடுகளும் மிக உயர்ந்த மாடங்களும் பெரும்பாலும் தப்பின. (1940-இல் அமெரிக்காவில் டக்கோமா பாலம் விழுந்ததையும் இதற்கு உதாரணமாகப் பலர் சொல்வதுண்டு. அங்கே காற்றும் பாலமும் ஒன்றையொன்று தூண்டிக்கொண்டன. அது வேறு விவகாரம்.)

இனி உள்ளத்துக்கு வருவோம். ஒன்பதாம் நூற்றாண்டில் காச்மீரத்தில் வாழ்ந்த ஆனந்தவர்த்தனர், சொல்லின் நேர்ப் பொருளுக்குப் பின்னால் தொடர்ந்து வரும் குறிப்புப் பொருளைத் 'தொனி' என்றார். அடித்து ஓய்ந்த மணியின் பின்னே நீண்டு செல்லும் ரீங்காரத்தை அதற்கு உவமையாகச் சொன்னார். அவருக்குப் பின் வந்த அபிநவகுப்தர், கவிதையைச் சுவைக்கத் தக்கவனுக்கு 'ஸஹ்ருதயன்' என்ற சொல்லை விளக்கினார். ஒத்த இதயம் படைத்தவன் என்று பொருள். கவி மீட்டுகிறான், கேட்பவனிடம் சுருதி சேர்ந்த தந்தி ஒன்று முன்கூட்டியே இருக்கவேண்டும். நம் தொல்காப்பியத்தில் உள்ளுறை, இறைச்சி என்று சொல்லியிருப்பவையும் இப்படிப்பட்ட காதுகளையே எதிர்பார்க்கின்றன.

1930-ஆம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களுடன் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கப் புறப்பட்டார். சத்தியாக்கிரகிகளுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சை ஜில்லா கலெக்டர் தார்ன் துரை எச்சரித்தார். நடந்ததென்ன? வழியிலுள்ள மரக் கிளைகளில் சோற்று மூட்டைகள் தொங்கின. கட்டினவர் யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தக் கிராமத்தாரில் ராஜாஜியின் பேச்சைக் கேட்டிராதவர்களும் இருந்திருக்கலாம். எதிரொலியாக இருந்திருந்தால் அவர்களும் கோஷம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவர்கள் கோஷம் போடவில்லை, அடுப்பு மூட்டினார்கள்.

ஒலிபெருக்கியை அலறவிட்டுக் கூட்டத்தைக் கைதட்டச் செய்துவிட்டு, 'மக்கள் உள்ளம் நம்மோடு இருக்கிறது' என்று திருப்தி அடைகிறவர்களை நினைத்தால் எனக்கு அந்தக் காகிதத் துண்டுதான் ஞாபகம் வருகிறது. ஓங்கி மீட்டினால் மட்டும் போதாது என்பதை அது எத்தனை பணிவாகச் சொல்லிவிட்டது!

சங்கீதம் கற்கும் குழந்தைகள் உள்ள வீடுகளில் இப்போது மின்சாரச் சுருதிப் பெட்டியே பெரும்பாலும் நாதம் கொடுக்கிறது. பொத்தானை அழுத்தினால் ஷட்ஜ பஞ்சமம் வந்துவிடுகிறது. சௌகரியந்தான், அதைக் குறை சொல்வதற்கில்லை. என்றாலும் வாரத்துக்கு ஒரு நாளாவது, பரண்மேல் உறைபோட்டு வைத்திருக்கும் தம்பூராவை இறக்கி, பிருடையைத் திருகவும், மணியை நகர்த்தவும், குதிரைமேல் ஜீவா நூலை அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு அப்படியும் இப்படியும் தள்ளவும் குழந்தையை விடுங்கள். அரை மணி நேரம் வீணாகிறதே என்று பதற வேண்டாம். கடைசியில் மந்தரத் தந்தி சரியாகச் சேர்ந்த நிமிஷத்தில், அந்த வாத்தியத்தில் எந்தத் தந்தியும் அதற்கென்று கட்டப்படாத அந்தர காந்தாரம் மெல்ல எழும். 'கேட்கிறதா?' என்று குழந்தையை வினவிப் பாருங்கள். முதல் நாள் கேட்காது.