கடனுக்கும் வயசு உண்டு, அண்ணாச்சி!

திருநெல்வேலியில் வற்றாத சமாசாரங்கள் மூன்று. தாமிரபரணி, அல்வாக் கடை க்யூ, அப்பா வாங்கிய கடன். முதல் இரண்டும் ஊருக்கே பெருமை. மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை காலையில் நாம் பல் விளக்கிக் கொண்டிருக்கும்போது புல்லட்டில் வந்து இறங்கும்.

வண்ணார்பேட்டையில் ஓர் ஆபீஸில் கணக்கு எழுதும் பையன் ஒருத்தன். பக்கத்து வீடு. அப்பா காலமாகிப் பல வருஷமாச்சு. அவர் 2009-ல் இருபதாயிரம் வாங்கினதற்குப் புரோநோட்டு இருப்பதாகச் சொல்லிக்கொண்டு இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். ரொம்ப மரியாதையான ஆசாமிகள். “பணத்துக்கு இப்ப அவசரமில்ல தம்பி. நோட்ட உங்க பேருக்கு மாத்தி ஒரு கையெழுத்து மட்டும் போட்ருங்க. அப்பா ஆத்மா சாந்தி அடையும்லா?”

பையன் உருகிவிட்டான். “போட்ருதேன் அண்ணாச்சி, ஒரு கையெழுத்துதான?” என்று என்னிடம் வந்தான்.

“ஏல, நில்லு! அந்த ஒரு கையெழுத்துக்குத்தாம்ல அவ்வளவு மரியாதை” என்றேன்.

விஷயம் இதுதான். கேட்டவுடன் தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு ஆயுசு, எழுதின தேதியிலிருந்து 3 வருஷம். 1963-ம் வருஷத்துக் காலவரையறைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அந்த 3 வருஷத்துக்குள் நூறு ரூபாய் கொடுத்து, நோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டால், கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும். கெடு தாண்டிவிட்டால் கோர்ட்டுக் கதவு மூடிவிடும். நீங்கள் வாய் திறக்காவிட்டாலும் கேஸைத் தள்ள வேண்டியது கோர்ட்டின் கடமை.

பிறகு எதற்கு வருகிறார்கள்? செத்த கடனுக்கும் ஒரு சஞ்சீவி இருக்கிறது. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 25-ம் பிரிவு. கெடு முடிந்த கடனையும் ‘தருகிறேன்’ என்று புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது எழுந்து உட்கார்ந்துவிடும். ஒரு ரெவின்யூ ஸ்டாம்ப், ஒரு பால்பாயிண்ட் பேனா, ஓர் இளகின மனசு. போதும்!

இன்னொன்று. அப்பா கடனுக்குப் பிள்ளை பொறுப்பு, அப்பா விட்டுப்போன சொத்து அளவுக்குத்தான். அவர் விட்டுப்போனது ஒரு சைக்கிளும் சுகர் வியாதியும் என்றால், வந்தவர் சைக்கிளைப் பற்றி மட்டும்தான் பேச முடியும்.

ஆனால் ஜாக்கிரதை. வீடோ வயலோ அடமானம் என்றால் கெடு 12 வருஷம். கோர்ட்டில் ஏற்கெனவே டிகிரி வாங்கியிருந்தால் அதை நிறைவேற்றவும் 12 வருஷம். அதனால் முதலில் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். ‘நாளைக்குக் கொண்டாறேன்’ என்று போனவர் பலர் திரும்பி வருவதில்லை.

இதெல்லாம் புதுச் சலுகை இல்லை. 1938-ல் ராஜாஜி மந்திரிசபை கொண்டுவந்த விவசாயக் கடன் நிவாரணச் சட்டத்தில், அசலைப்போல் இரண்டு மடங்கு கட்டிவிட்ட விவசாயிக்கு அந்தக் கடன் முழுசாகத் தீர்ந்தது என்று விதி இருந்தது. வட்டிக்கும் ஓர் எல்லை வேண்டும் என்று அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள்.

எல்லை தெரியாத வட்டி எங்கே கொண்டுவிடும் என்பதை நம் ஊர் பார்த்துவிட்டது. 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ். கந்துவட்டிக் கொடுமை என்று பலமுறை மனு கொடுத்து அலுத்த ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு பெண் குழந்தைகளோடு தீக்குளித்தார். நான்கு பேருமே பிழைக்கவில்லை. அத்தனைக்கும் 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருந்தது. நாள் வட்டி, மணி வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடை. 3 வருஷம் வரை ஜெயில். சட்டம் புத்தகத்தில் இருந்தது. பயம் வீட்டுக்குள் இருந்தது.

ஆகவே தம்பிகளே, வீட்டு வாசலில் வைத்து எதிலும் கையெழுத்து வேண்டாம். வெற்றுத்தாளில் வேண்டவே வேண்டாம். சந்தேகம் என்றால் இலவசச் சட்ட உதவிக்கு 15100. மிரட்டினால் நேரே போலீஸ். வங்கி, பைனான்ஸ் ஏஜெண்டுகள் என்றால், காலை 8-க்கு முன்னும் மாலை 7-க்குப் பின்னும் போன் பண்ணக்கூடாது என்று 2022-லேயே ரிசர்வ் வங்கி சொல்லியாயிற்று.

‘அப்ப கடன் வாங்கிட்டு மூணு வருஷம் ஒளிஞ்சுக்கிட்டா அல்வா குடுத்துறலாமா?’ என்று கேட்கிறீர்கள். கெடு தாண்டினால் கோர்ட்டுக்குப் போகும் வழிதான் அடைபடுகிறது; கடன் கடன்தான். உங்கள் காலேஜ் ஃபீஸுக்காக வட்டி வாங்காமல் கைமாற்றுக் கொடுத்த பெரியவர் யாராவது இருந்தால், நோட்டே இல்லாவிட்டாலும் தேடிப்போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.

மனசாட்சி கேட்டால் கொடுக்கலாம். புல்லட் சத்தத்துக்குக் கொடுக்காதீர்கள்.