ஓய்வு நேரம்: கோடுகளில் ஓடும் நகரம்

சிறுவர் கையில் கைப்பேசியைக் காணுந்தோறும் பெற்றோர் உள்ளம் கலங்குவது இயல்பே. விளையாட்டு அனைத்தும் வீண் என்று ஒதுக்குவது எளிது. எது நன்று, எது குறையுடையது என்று தேர்ந்து காண்பதே பயன் தரும். இத்திங்கள் 'மினி மெட்ரோ' என்னும் விளையாட்டை ஆராய்வோம்.

நியூசிலாந்தில் பீட்டர் கரி, ராபர்ட் கரி என்னும் உடன்பிறந்தார் தொடங்கிய 'டைனோசர் போலோ கிளப்' என்னும் நிறுவனத்தின் ஆக்கம் இது. 2013இல் ஒரு போட்டிக்காக எழுந்த சிறு முயற்சி, 2015இல் முழு வடிவுடன் கணினிக்கும், 2016இல் கைப்பேசிக்கும் வந்தது.

ஆடும் முறை எளிது. வட்டம், முக்கோணம், சதுரம் என மூன்று நிலையங்கள் திரையில் தோன்றும். இடையே ஓர் ஆறு ஓடும். நிலையங்களைக் கோட்டினால் இணைத்தால் அதுவே இருப்புப்பாதை. உடனே வண்டி ஓடத் தொடங்கும். பயணிகளும் சிறு வடிவங்களே. சதுரப் பயணி சதுர நிலையத்தை அடைய வேண்டும். புதிய நிலையங்கள் முளைத்துக்கொண்டே இருக்கும். வாரந்தோறும் ஓர் எஞ்சின் கிட்டும். அத்துடன் புதிய தடம், கூடுதல் பெட்டி, ஆற்றைக் கடக்கும் சுரங்கம் முதலியவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஏதேனும் ஒரு நிலையத்தில் நெரிசல் அளவு கடந்து நீடித்தால் ஆட்டம் முடிந்தது.

இதன் முதற் சிறப்பு, மொழியறிவு வேண்டாமை. தமிழ் மட்டும் அறிந்த பாட்டியும், பள்ளியில் இந்தியோ மராத்தியோ பயிலும் பேரனும் ஒருங்கே அமர்ந்து ஆடலாம். அடிதடி இல்லை, குருதி இல்லை. வண்டிகளின் ஓட்டத்திற்கேற்ப எழும் மெல்லிய ஓசை செவிக்கு இனிது.

இரண்டாவது, இது புகட்டும் பாடம். லண்டன் சுரங்க இரயிலுக்கு ஹாரி பெக் என்பார் வரைந்து, 1933இல் வெளிவந்த படத்தில் தொலைவு பெரிதன்று. எந்நிலையம் எதனோடு இணைகிறது என்பதே பெரிது. இவ்விளையாட்டின் படமும் அம்முறையைப் பின்பற்றியதே. ஒரே தடத்தை நீட்டிக்கொண்டே போனால் வண்டி திரும்பி வர நாழியாகும் என்பதையும், எல்லாத் தடங்களும் ஒரே நிலையத்திற் கூடினால் அங்கே கூட்டம் பெருகும் என்பதையும் சிறுவன் தானே உணர்வான். மேற்கு வழியும் மத்திய வழியும் கூடும் தாதர் நிலையத்தில் ஏன் அத்தனை நெரிசல் என்பதும் அவனுக்கு விளங்கும். ஆட்டத்தின் நகரங்களுள் நம் மும்பையும் உண்டு.

இனிக் குறைகள். புதிய நிலையம் எங்கே முளைக்கும் என்பது தற்செயல். நன்கு திட்டமிட்டவனும் சில வேளை அதனால் வீழ்வான். வழக்கமான ஆட்டத்தில் முடிவு எப்போதும் தோல்வியே. எத்தனை பயணிகளைச் சேர்த்தோம் என்ற கணக்கே மிஞ்சும். சிறு திரையில் நிலையங்கள் மலிந்தபின் விரல் ஒன்றைத் தொட எண்ணி மற்றொன்றைத் தொடும்.

இட்ட தடத்தை நொடியில் அழித்து வேறிடத்தில் இடலாம் என்பதும் மெய்ந்நிலைக்கு ஒவ்வாதது. நிலம் கொடுத்தவர், மண் சுமந்தவர், இரவெல்லாம் தண்டவாளம் காத்தவர் எவரும் அங்கில்லை. தடத்தையே முன்னைபோல் மாற்ற இயலாத கடினமான ஆட்டமுறை ஒன்றும் உளது. பழகிய சிறுவரை அதனை ஆடச் செய்தல் நன்று.

எல்லாவற்றினும் பெரிய குறை வேறொன்று. சதுரப் பயணிக்கு எந்தச் சதுர நிலையமும் ஒன்றே. அருகில் எது வந்தாலும் மனநிறைவோடு இறங்கிவிடுவான். விடுமுறைக்கு இரண்டு நாள் வண்டியேறிச் செல்லும் நம்மவர் எவரும் அவ்வாறு இறங்குவதில்லை. திருநெல்வேலிக்குச் சீட்டு வாங்கியவருக்கு விழுப்புரம் ஈடாகாது. பயணி என்பவன் வெறும் எண்ணிக்கையல்லன். அவனுக்கென்று ஓர் ஊர் உண்டு.

ஆகவே, பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு அரைமணி நேரம் இதனை அளிக்கலாம். ஆட்டம் முடிந்ததும், "ஏன் அந்நிலையத்தில் கூட்டம் சேர்ந்தது?" என்று வினவுங்கள். பின்னர் இந்திய இருப்புப்பாதைப் படத்தை விரித்து, நம் ஊர் எந்தத் தடத்தில், எந்தச் சந்திப்பிற்கு அப்பால் உளது என்று அப்பிள்ளையையே விரலால் கோடிழுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஆட்டம் கற்பிக்காத பாடத்தை வீடு கற்பிக்கட்டும்.