கதவைத் திறந்த ஹன்னா



மாயம் கலந்த சரித்திர நாவல்களைப் பிள்ளைகள் படிக்கலாமா என்ற கேள்வி நமது சபைகளில் அடிக்கடி எழுகிறது. கதையில் மாயம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துப் புத்தகத்தை மூடிவிடுவது போதாது. அந்த மாயம் கதாபாத்திரத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்றும் நாம் பார்க்க வேண்டும்.

அமெரிக்க எழுத்தாளர் ஜேன் யோலன் 1988இல் வெளியிட்ட 'தி டெவில்ஸ் அரித்மெடிக்' நாவலை எடுத்துக்கொள்வோம். தலைப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஹன்னா என்ற யூதச் சிறுமிக்குப் பதின்மூன்று வயது நெருங்குகிறது. பஸ்கா விருந்துக்காகக் குடும்பத்தோடு தாத்தா வீட்டுக்கு வருகிறாள். பெரியவர்கள் பழைய துன்பங்களையே நினைத்துக்கொண்டிருப்பது அவளுக்குச் சலிப்பாக இருக்கிறது. விருந்தின் வழக்கப்படி எலியா தீர்க்கதரிசிக்காகக் கதவைத் திறக்கிறாள். கதவுக்கு அப்பால் 1942ஆம் ஆண்டின் போலந்துக் கிராமம் தெரிகிறது.

இப்படிப்பட்ட கதைகளில் வழக்கமாக நாயகிக்கு ஒரு வாளோ வரமோ கிடைக்கும். அவள் சரித்திரத்தையே மாற்றிவிடுவாள். ஹன்னாவுக்குக் கிடைப்பது, நடக்கப்போவது என்ன என்ற அறிவு மட்டும்தான். நாசிகளின் வாகனங்களைக் கண்டதும் எச்சரிக்கிறாள், ஒருவரும் நம்பவில்லை. வதை முகாமில் அவள் தலைமுடியை வெட்டுகிறார்கள், கையில் எண்ணைப் பச்சை குத்துகிறார்கள். அங்கே ரிவ்கா என்ற பத்து வயதுச் சிறுமிதான் உயிர்தப்பும் வழிகளை அவளுக்குக் கற்றுக்கொடுக்கிறாள். ஒருநாள் சாவுக்குத் தெரிவு செய்யப்பட்டவர்களில் ரிவ்காவும் ஒருத்தி. ஹன்னா அவளை ஓடச் சொல்லிவிட்டு, அவளுக்குப் பதிலாகத் தானே நடந்து போகிறாள்.

நினைவுகூருவதே அலுப்பு என்றிருந்த பிள்ளை, இன்னொருத்தி உயிரோடிருந்து நினைவுகூரட்டும் என்று தன்னைக் கொடுக்கிறாள். நாவலின் கருப்பொருள் இதுவே. அதை எழுத்தாளர் பிரசங்கமாகச் சொல்லவில்லை. ஹன்னாவின் மாற்றத்தில் நாமே காண்கிறோம். மாயம் இங்கே துன்பத்திலிருந்து தப்பும் வழியாக வரவில்லை. பிறருடைய துன்பத்துக்குள் போகும் வாசலாக வருகிறது.

முதியோரைப் பராமரிக்கும் தாதியராகிய எங்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதை மறந்துவிட்டவர்கள்கூட, தாங்கள் விட்டு ஓடிவந்த வீட்டின் முற்றத்தை மறப்பதில்லை. நமது வீடுகளிலும் அம்மம்மாவும் தாத்தாவும் 1983 பற்றி மறுபடியும் சொல்லத் தொடங்கும்போது, நமது கை தொலைபேசியைத் தேடுகிறது. அவர்கள் போன பின்பு அந்தக் கதையை யாரிடம் கேட்போம்?

ஆகவே, ஒரு சரித்திரக் கற்பனை நாவலைப் படித்து முடித்ததும் இந்த இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். கடந்த காலம் இந்தக் கதாபாத்திரத்தை மாற்றியதா? அல்லது அது அவருடைய வீரத்துக்கு வெறும் மேடையாக மட்டும் இருந்ததா?

வீடு திரும்பும் ஹன்னா தன் ஈவா அத்தையின் கையில் எதைக் கண்டாள் என்பதை நாங்கள் சொல்லமாட்டோம். நீங்களே படியுங்கள். படித்த பிறகு, அம்மம்மாவின் பக்கத்தில் போய் உட்காருங்கள்.