‘சும்மா’ தைத்த போர்வை

மாலையில் கடற்கரைச் சாலையில் நடக்க வரும் நம் வயதுக்காரர்களிடம், “வீட்ல அம்மா எப்படி இருக்காங்க?” என்று கேட்டுப் பாருங்கள். பலரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். “அவளுக்கென்ன, சும்மாதான் இருக்கா. பழைய புடவையை வெட்டி ஏதாவது தைக்கிறா, பூச்செடிக்குத் தண்ணி ஊத்துறா, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கிறா. பொழுது போகுது.”

கவனித்தீர்களா? அந்தப் பதிலுக்குள்ளேயே மூன்று வேலைகள் இருக்கின்றன. மூன்றையும் சொல்லிவிட்டு, ‘சும்மா’ என்ற ஒரே சொல்லால் மூன்றையும் அடித்துவிடுகிறோம். இந்தக் கட்டுரை அந்தச் சொல்லுக்கு எதிராக எழுதப்பட்டது. நான் குமாஸ்தாவாக இருந்தவன். எனக்குத் தெரிந்த ஆயுதம் கணக்கு. ஆகவே கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் போர்வை. நம் வீட்டுப் பெண்கள் பழம்புடவைகளை அடுக்கித் தைக்கும் போர்வை உங்களுக்குத் தெரியும். எந்தப் புடவையும் அதற்கு ஆகாது. பல வருடம் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்திப் புடவைதான் வேண்டும். ஐந்தடி அகலம், ஏழடி நீளம், நான்கு மடிப்பு என்றால் ஏறக்குறைய மூன்று புடவை செலவாகும். கிழிந்த இடத்தை ஒதுக்கி, நல்ல பகுதியை வெட்டி, கரைகளை ஓரத்துக்கு வைத்து, சுருக்கம் விழாமல் தரையில் விரித்துப் பெருந்தையல் போட்டுப் பிடிக்க வேண்டும். அதன் பிறகுதான் உண்மையான தையல்.

ஓர் அங்குலத்துக்கு ஒரு வரிசை என்று நீளவாக்கில் நூலோட்டினால் 60 வரிசை. ஒவ்வொரு வரிசையும் 84 அங்குலம். மொத்தம் 5,040 அங்குலம், அதாவது 140 கஜம். அங்குலத்துக்கு நான்கு தையல் என்றால் 20,160 தையல்கள். ஒரு தையலுக்கு மூன்று விநாடி என்று வையுங்கள். 16 மணி 48 நிமிடம். ஊசியில் நூல் கோக்கும் நேரம், வெட்டிய நேரம், கழுத்து வலித்து நிமிர்ந்து உட்கார்ந்த நேரம் எதையும் இதில் சேர்க்கவில்லை. இதற்குப் பெயர் சும்மாவா?

இதே போர்வை நம் ஊரின் பழைய பிரெஞ்சுத் தெருக்களில் உள்ள கடைகளில் தொங்கும்போது ‘கைவினை’ என்று பெயர் பெறுகிறது. வெளியூர்க்காரர் தடவிப் பார்த்து, விலை கேட்டு, பேரம் பேசாமல் வாங்கிப் போகிறார். வீட்டுக் கட்டிலில் கிடந்தால் அதுவே கந்தல். இந்த வேடிக்கை புதிதல்ல. நம் சோழமண்டலக் கரையில் சாயமேற்றிச் சித்திரம் எழுதிய பருத்தித் துணிகளைப் பிரெஞ்சுக் கும்பெனிக் கப்பல்கள் ஏற்றிப் போயின. அங்கே அவற்றின் மீதான மோகம் எவ்வளவு பெரிதென்றால், உள்ளூர் நெசவைக் காப்பாற்ற 1686-இல் அரசே தடை போட்டது. 1759 வரை அந்தத் தடை நீடித்தது. தடையையும் மீறிப் போன துணிகளைப் பிரான்சின் தென்பகுதிப் பெண்கள் பஞ்சு வைத்துப் பாவாடையாகவும் போர்வையாகவும் தைத்தார்கள். அப்படித் தைத்தவை இன்று அந்நாட்டு அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. தையல் அதே தையல்தான். எங்கே, யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து நாம் மதிப்புப் போடுகிறோம்.

அடுத்தது தோட்டம். பங்குனி பிறந்தால் மல்லிகை கொட்டுகிறது, சித்திரையில் வேம்பு பூக்கிறது, வைகாசி வரை சரக்கொன்றை மஞ்சளாகத் தொங்குகிறது. பார்க்கிற நமக்கு இளவேனில் தானாக வந்தது போலத் தோன்றும். சரக்கொன்றை வேண்டுமானால் தானாகப் பூக்கும். மல்லிகை அப்படிப் பூக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேரில் தண்ணீர் நிற்காமல் வாய்க்கால் வெட்ட வேண்டும். மழை விட்டதும் கிளைகளைக் கவாத்து செய்து, மிச்ச இலையை உருவி, மண்ணைக் கொத்தி, எரு வைக்க வேண்டும். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து ஊற்ற வேண்டும். இத்தனைக்கும் பிறகு மொட்டு வந்தால், விடியற்காலையில் வெயில் ஏறுவதற்குள் பறித்தாக வேண்டும். அதை நாரில் தொடுக்க வேண்டும். நாம் சாயங்காலம் பூஜை அறையில் வாசனையை மட்டும் முகர்கிறோம்.

வேப்பம்பூவும் அப்படித்தான். மரத்தடியைப் பெருக்கி, ஒரு பழம்புடவையை விரித்துவைத்து, உதிர்ந்த பூவைத் தினமும் கூட்டி, குப்பை நீக்கி, காயவைத்து, ஜாடியில் அடைத்தால்தான் சித்திரை முதல் நாள் பச்சடியும், வருஷம் முழுக்க ரசமும். அந்தப் புடவை அடுத்த வருஷம் போர்வைக்குள் போகும். ஒரு வீட்டில் எதுவும் வீணாகாமல் சுற்றிவருவதற்கு ஒருவர் மூளையைச் செலவழிக்கிறார். அந்த மூளைக்குத்தான் நாம் ‘பொழுதுபோக்கு’ என்று பெயர் வைத்திருக்கிறோம்.

மூன்றாவது, குடும்பம். சமையல், பாத்திரம், துணி, பேரப்பிள்ளை, நம் இரத்தக் கொதிப்பு மாத்திரை எல்லாமும்தான். “இப்போதான் மிக்ஸி, கேஸ், வாஷிங் மெஷின் எல்லாம் வந்துவிட்டதே” என்பார்கள் சிலர். மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. மிக்ஸியும் கேஸும் வந்த பிறகுதான். சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்குச் செலவழித்தது நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். அதிலும், வீட்டுவேலையில் கை வைத்த ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். பெண்கள் 81 பேர். பிள்ளைகளையும் முதியவர்களையும் பராமரிக்கும் நேரம் இதில் சேராது. அதற்குத் தனிக் கணக்கு. 299 நிமிடத்தை 365-ஆல் பெருக்குங்கள். ஆண்டுக்கு 1,800 மணி நேரத்துக்கு மேல். ஞாயிறு, பண்டிகை, விடுப்பு எல்லாம் கழித்து நாம் மேசையில் உட்கார்ந்த நேரம் இதைவிடப் பெரிதாக இருந்திருக்காது.

இந்தப் பார்வைக் குறைவு நம் நாக்கில் மட்டும் இல்லை. நாம் எழுதிய பதிவேடுகளிலும் இருக்கிறது. பிரெஞ்சுக் காலத்துப் பிறப்பு, திருமணப் பதிவுகளில் தொழிலைக் குறிப்பிடும் இடத்தில் எத்தனையோ பெண்களின் பெயருக்குப் பக்கத்தில் ‘சான் ப்ரொஃபெசியோன்’ என்று எழுதியிருக்கும். தொழில் இல்லாதவர் என்று பொருள். கொடி மாறியது, மொழி மாறியது, அந்தக் கட்டம் மாறவில்லை. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் வீட்டுவேலை செய்பவர் ‘வேலை செய்யாதவர்’ பட்டியலில்தான் வருகிறார். அதே பட்டியலில் மாணவர் இருக்கிறார், பென்ஷன் வாங்குபவர் இருக்கிறார், பிச்சை எடுப்பவரும் இருக்கிறார். 2010-இல் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றமே இந்த வகைப்பாட்டைக் கண்டித்தது.

இன்னொரு விந்தை. சொந்த வீட்டுத் தேவைக்கு மட்டும் மாடு வைத்துப் பால் கறந்தாலும் கணக்கெடுப்பு விதிப்படி அது வேலை. அந்தப் பாலைக் காய்ச்சி, உறை ஊற்றி, மோர் கடைந்து கொடுத்தால் அது வேலை இல்லை. மாட்டின் மடிக்கும் அடுப்புக்கும் இடையில் எங்கோ ஓர் இடத்தில் வேலை ஆவியாகிவிடுகிறது!

நான் உட்பட, பென்ஷன் வாங்கும் நாமும் அந்த ‘வேலை செய்யாதவர்’ பட்டியலில்தான் இருக்கிறோம். ஆனால் எவ்வளவு வித்தியாசம்! வேலை செய்யாத நமக்கு முதல் தேதி பணம் வருகிறது. வேலை செய்கிற அவர்களுக்கு எதுவும் வருவதில்லை. நமக்கு 60 வயதில் மாலை போட்டு, பேசி, வீடுவரை கொண்டுவந்து விட்டார்கள். அன்றைக்கு வந்த கூட்டத்துக்குக் காபி போட்டவருக்கு ஓய்வு வயது எது? அவர் பெயரில் அரசாங்கம் பணம் போடுவது நாம் கண்ணை மூடிய பிறகுதான். கடைசிச் சம்பளத்தில், சாதாரண விகிதப்படி, 30 சதவீதம். குடும்ப ஓய்வூதியம் என்று பெயர். குடும்பத்தை நடத்தியதற்கான ஊதியம் அல்ல அது. நாம் போனதற்கான ஊதியம்.

நம் ஊர் மதில்களில் வெயில் ஏற ஏறச் சிவந்து கொட்டும் காகிதப்பூவைப் பாருங்கள். பூகன்வீல் என்ற பிரெஞ்சுக் கப்பல் தலைவரின் பெயர் அதற்கு. 1766-இல் புறப்பட்ட அவருடைய உலகப் பயணத்தில் கொமெர்சோன் என்ற தாவரவியலாளரும் போனார். கொமெர்சோனின் வீட்டைப் பார்த்துக்கொண்ட பெண் ழான் பாரே. கப்பலில் பெண்களுக்கு இடமில்லை என்பதால் ஆண் வேடமிட்டு, அவருடைய பணியாளாக ஏறினார். எஜமானருக்கு உடம்பு முடியாதபோது மேடு பள்ளம் ஏறிச் செடி சேகரித்தார், சுமை தூக்கினார். உலகைச் சுற்றிவந்த முதல் பெண் அவர்தான் என்று வரலாறு ஒப்புக்கொள்கிறது. ஆனால் கொடிக்குக் கப்பல் தலைவரின் பெயர்தான். ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1785-இல் பிரெஞ்சு அரசாங்கம் அந்த அம்மாளுக்கு ஆண்டுக்கு 200 லீவ்ர் பென்ஷன் கொடுத்தது. மன்னராட்சிக்கே அவ்வளவு நியாயம் தெரிந்திருந்தது. குடியரசுகளின் பிரஜைகளான நமக்குத் தெரியாதா?

“அன்புக்கு விலை வைக்கலாமா?” என்று கேட்பார்கள். கேட்க இனிமையான கேள்வி. ஆனால் இந்தக் கேள்வியை நாம் யாரும் கருவூலத்தில் கேட்டதில்லை. வேலையை நேசித்தவர்கள் நம்மில் பலர் உண்டு. நேசிப்பதால் சம்பளம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர் உண்டா? அன்பு இருப்பதால் வேலை வேலையில்லாமல் போய்விடாது. “அவளுக்கே அது பிடிச்சிருக்கு” என்பது அடுத்த வாதம். பிடித்திருக்கட்டும். தச்சருக்கும் மரம் பிடிக்கும். அதற்காகக் கூலியைக் குறைப்பாரா?

சட்டம் மெதுவாக விழித்துக்கொண்டிருக்கிறது. நம் புதுச்சேரியும் சென்னை உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள் வருகிறது. அந்த நீதிமன்றம் 2023 ஜூனில் ஒரு தீர்ப்பில், கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில் வீட்டைக் கவனித்த மனைவியின் உழைப்பும் இருக்கிறது, அவருக்குச் சரிபாதி உண்டு என்று சொன்னது. பிரான்சில், தனி ஒப்பந்தம் எழுதாமல் திருமணம் செய்தவர்களுக்குத் திருமணத்துக்குப் பின் சம்பாதித்துச் சேர்த்தது இருவருக்கும் பொது என்பது 1966 முதல் சட்டமாகவே இருக்கிறது. பிரெஞ்சில் படித்தோம் என்று பெருமை பேசுகிற நாம், அந்தப் பாடத்தை மட்டும் ஏன் பாதியில் விட்டோம்?

நீதிமன்றத்துக்குப் போகும்வரை காத்திருக்க நமக்கு வயசும் இல்லை. இன்றே செய்யக்கூடியவை இருக்கின்றன. வீடு ஒருவர் பெயரில் இருந்தால், இன்னொருவர் பெயரையும் சேர்த்துப் பத்திரம் எழுதுங்கள். பென்ஷன் வந்தவுடன் ஒரு பங்கை, எதற்கு என்று கேட்காமல், அவர் கணக்குக்கு மாற்றுங்கள். மளிகைக்குக் கொடுக்கும் பணத்தை இதில் சேர்க்காதீர்கள். வீட்டுவேலையில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘உதவி’ என்று சொல்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டில் நாம் செய்வது உதவி ஆகாது. மல்லிகைச் செடிக்கு மண் கொத்த நம் கைக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. ஊசியில் நூல் கோக்கக் கண் ஒத்துழைக்காவிட்டால், தைப்பவருக்கு மதியக் காபியாவது போடலாம்.

2027 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருகிறது. கணக்கெடுப்பவர் வந்து, “வீட்டம்மா என்ன செய்யறாங்க?” என்று கேட்பார். பாவம், அவரும் நம்மைப் போல ஓர் ஊழியர். அவர் கையில் உள்ள கட்டங்களை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் பதில் நம் வாயில் இருக்கிறது. “சும்மா இருக்கா” என்று மட்டும் சொல்லாதீர்கள். தைக்கிறார், செடி வளர்க்கிறார், சமைக்கிறார், பேரனை வளர்க்கிறார், இந்த வீட்டை நடத்துகிறார் என்று முழுதாகச் சொல்லுங்கள். எழுத இடம் போதவில்லை என்று அவர் சொல்லட்டும். இடம் போதவில்லை என்பதையாவது அரசாங்கம் தெரிந்துகொள்ளட்டும்.